நகர ஆலோசனைக் குழுவைப் பொன்னாடையோடு முடிந்துபோகாமல் நடத்துவது எப்படி

பேராசிரியர்களையும் தொழிலதிபர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, "நம்ம ஊரைப் புத்தாக்க நகரமாக்க யோசனை சொல்லுங்க" என்று கேட்கும் குழுக்களுக்கு நம் நாட்டில் பஞ்சமே இல்லை. முதல் கூட்டம் பெரிய ஓட்டலில் நடக்கும். எல்லோருக்கும் பொன்னாடை, ஒரு துணைவேந்தரின் நீண்ட ஸ்லைடு ஷோ, சமீபத்தில் சிங்கப்பூர் போய்வந்த முதலாளி ஒருவரின் பேச்சு, குரூப் போட்டோ, சாப்பாடு. இரண்டாவது கூட்டத்துக்குப் பாதிப் பேர் தங்கள் பி.ஏ.வை அனுப்புவார்கள். மூன்றாவது கூட்டம் நடக்காது, அதை யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள்.

அப்படி ஒரு குழுவை நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றால் இது உங்களுக்கு. மாநகராட்சியில் துணை கமிஷனராக இருக்கலாம், தொழில் சங்கத்தின் செயலாளராக இருக்கலாம், "நீங்களே பாத்துக்கங்க சார்" என்று கல்லூரியில் தள்ளிவிடப்பட்ட துறைத் தலைவராக இருக்கலாம். கோவையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பம்ப், பவுண்டரி, மில், கல்லூரி எல்லாம் ஒரே ஊரில் இருப்பதால் உதாரணம் சொல்ல வசதி. மதுரைக்காரர், திருப்பூர்க்காரர் அவரவர் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் கேள்வியைத் தயார் செய்யுங்கள், ஆட்களை அப்புறம் தேடலாம்

எல்லோரும் பெயர்ப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். யார் தலைவர், யாரை விட்டால் கோபித்துக்கொள்வார், அமைச்சருக்கு வேண்டியவர் யார் என்று இரண்டு மாதம் போய்விடும். கடைசியில் குழு உட்காரும்போது அதன் முன்னால் வைக்க ஒரு விஷயமும் இருக்காது. 'கோவையின் எதிர்காலம்' என்று ஒரு தலைப்பு இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தலைப்பில் யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், யாருக்கும் எந்த வேலையும் வராது.

அதனால் குழு அமைப்பதற்கு முன்பே மாநகராட்சிக்குள் போய் உட்காருங்கள். கமிஷனர் அறையில் இல்லை. குடிநீர்ப் பிரிவின் உதவிப் பொறியாளர், சானிட்டரி இன்ஸ்பெக்டர், தெருவிளக்கு பார்க்கிறவர், வரிப் பிரிவில் பைல் தள்ளுகிறவர், இவர்களிடம் போய் "தினமும் உங்க உயிரை எடுக்கிற வேலை எது?" என்று கேளுங்கள். கொட்டுவார்கள். அதில் மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்வதற்கு என் அளவுகோல் இதுதான்: எண்ணில் அளக்க முடிய வேண்டும், ஒரு வருடத்துக்குள் ஏதாவது மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், "இது என் வேலை" என்று சொல்லப் பெயரோடு ஒரு அதிகாரி இருக்க வேண்டும். மூன்றாவது இல்லை என்றால் முதல் இரண்டும் இருந்து பிரயோஜனமில்லை.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு பழைய பம்ப்செட். நொடிக்கு 50 லிட்டர் தண்ணீரை மொத்தம் 40 மீட்டர் ஹெட்டுக்கு (ஏற்ற வேண்டிய உயரமும் குழாய் உரசலும் சேர்ந்த கணக்கு) ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50-ஐ 40-ஆல் பெருக்கி, 9.81-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் 19.6 கிலோவாட். தண்ணீருக்கு உண்மையில் போய்ச் சேரும் சக்தி அதுதான். மீட்டரில் பார்த்தால் மோட்டார் 40 கிலோவாட் இழுக்கிறது. அதாவது கொடுக்கும் கரண்டில் பாதி எங்கோ வீணாகிறது. நல்ல செட் போட்டு மொத்தத் திறனை 65 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 30 கிலோவாட்டில் அதே வேலை முடியும். தினம் 16 மணி நேரம் ஓடினால் நாளைக்குச் சுமார் 157 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு நாலரை லட்ச ரூபாய், ஒரே ஒரு பம்ப்செட்டில். மாநகராட்சியிடம் இப்படி எத்தனை செட் ஓடுகிறது, எது எந்த வருடம் வாங்கியது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. குழுவுக்கு வேண்டிய முதல் கேள்வி அங்கேயே இருக்கிறது.

இந்த ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமலா போய்விடும்? பம்ப் சோதிக்க சிட்டார்க் ஆய்வகம் இருக்கிறது. அளவெடுக்கக் கற்றுக்கொடுக்க 1951 முதல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அதற்கும் மூத்த அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பம்ப் செய்கிறவர்கள் ஊரின் சிறுதொழில் சங்கமான கொடிசியாவில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். "கோவையை உலகத் தரத்துக்குக் கொண்டுபோவது எப்படி" என்று கேட்டால் இவர்கள் எல்லோரும் பொதுவாகப் பேசுவார்கள். "இந்த முப்பது பம்புகளில் எதை முதலில் மாற்ற வேண்டும்" என்று கேட்டால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

யாரைக் கூப்பிடுவது

பெரிய பெயர் ஒன்று வேண்டும், இரண்டு வேண்டாம். அந்த ஒருவர் எதற்கு என்றால் கதவு திறக்க. அவர் போன் செய்தால் அரசுத் துறைச் செயலாளர் எடுப்பார், அது உங்களால் முடியாது. மற்றபடி துணைவேந்தருக்குப் பதில் அவர் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தில் உண்மையாகவே கை வைத்திருக்கும் இணைப் பேராசிரியர், கம்பெனி சேர்மனுக்குப் பதில் ஒர்க்ஸ் மேனேஜர். சேர்மன் கோபித்துக்கொண்டால் அவரை 'புரவலர்' என்று லெட்டர்பேடில் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

பதினோரு பேருக்கு மேல் போகாதீர்கள். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவர்கள் என்று நான் நினைப்பது: அந்தத் துறையின் நிலைக்குழுத் தலைவரான கவுன்சிலர், சின்னப் பட்டறை நடத்தும் ஒருவர் (பெரிய கம்பெனிக்காரருக்குத் தெரியாத விலை இவருக்குத் தெரியும்), டெண்டர் விதிகள் தெரிந்த ஓய்வு பெற்ற பொறியாளர், அப்புறம் களத்தில் வேலை செய்கிறவர்களின் பிரதிநிதி. குப்பையைப் பற்றிய குழுவில் ஒரு தூய்மைப் பணியாளர்கூட இல்லாமல் நான்கு பேராசிரியர்கள் உட்கார்ந்து வண்டியின் வழித்தடத்தைத் தீர்மானிப்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தின் அகலம் தெரியாமல் போட்ட வழித்தடம் அது.

கவுன்சிலர் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்கள் கூடும் எல்லாக் குழுவிலும் "அரசியல்வாதிகளை உள்ளே விட்டால் கெட்டது" என்ற ஒரு நினைப்பு இருக்கிறது. இதற்குப் பெங்களூரைப் பார்த்தால் போதும். 1999-ல் முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணா, 'பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ்' என்று ஒன்றை அமைத்தார், சுருக்கமாக பி.ஏ.டி.எஃப். தலைவர் இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகணி. மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின் நிறுவனம், போக்குவரத்துக் கழகம், வளர்ச்சி ஆணையம், தொலைபேசி, போலீஸ் என்று ஏழு அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்தார்கள். இந்தியாவில் இந்த மாதிரிக் குழு எதுவும் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை என்பது என் கருத்து. மாநகராட்சியின் கணக்கு வைக்கும் முறையையே மாற்ற உதவினார்கள், நகரத்தில் நல்ல பொதுக் கழிப்பறைகள் வந்தன. ஆனால் தேர்தலில் ஜெயித்து வந்த கவுன்சிலர்களை ஓரங்கட்டிவிட்டு யாரும் தேர்ந்தெடுக்காத ஆட்கள் ஊரை நடத்துகிறார்கள் என்ற விமர்சனம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. 2004-ல் ஆட்சி மாறியதும் குழுவுக்காகக் குரல் கொடுக்க மாநகராட்சி மன்றத்தில் ஆள் இல்லை. அதோடு முடிந்தது. 2008-ல் வேறு பெயரில் வேறு முதல்வர் ஒன்று தொடங்கினார், 2016-ல் இன்னொருவர் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து.

அதனால் குழுவைக் கமிஷனரின் உத்தரவில் மட்டும் தொங்கவிடாதீர்கள். கமிஷனர் மாறிவிடுவார். மாமன்றத்தில் தீர்மானம் போட வையுங்கள். கஷ்டம்தான், இரண்டு கூட்டம் தள்ளிப்போகும், யாராவது ஒருவர் எழுந்து கத்துவார். கத்தட்டும், தீர்மானம் பதிவேட்டில் இருக்கும்.

பி.ஏ.டி.எஃப்.-இடம் திருட வேண்டியது ஒன்று

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவர்கள் ஒரு மாநாடு நடத்தினார்கள். ஏழு அமைப்புகளின் தலைவர்களும் முதல்வர் முன்னால், பத்திரிகைக்காரர்கள் முன்னால், பொதுமக்கள் முன்னால் மேடையேறி, போன தடவை என்ன செய்வதாகச் சொன்னோம், அதில் எது முடிந்தது, எது முடியவில்லை, அடுத்து என்ன என்று சொல்ல வேண்டும். ஆலோசனை சொன்னவர்கள் கீழே உட்கார்ந்திருக்க, வேலை செய்கிற அதிகாரிதான் மேடையில். வேலை நடந்திருந்தால் பெயர் அவருக்கு, நடக்காவிட்டால் அவமானமும் அவருக்கு. நம் ஊர்களில் இது அப்படியே தலைகீழ். மேடையில் ஆலோசகர்கள், கடைசி வரிசையில் மொபைலைப் பார்த்துக்கொண்டு உதவிப் பொறியாளர்.

இதைச் சின்ன அளவில் நீங்களும் செய்யலாம். முதல்வர் வர வேண்டாம், மேயர் வந்தால் போதும். ஒரு கல்லூரி ஆடிட்டோரியம், இரண்டு மணி நேரம், மூன்று வேலைகள், மூன்று அதிகாரிகள். உள்ளூர் நிருபர்களைக் கூப்பிடுங்கள். தேதியை முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள், ஏனென்றால் அந்தத் தேதி இருப்பதால்தான் நடுவில் வேலை நகரும். மேடையேறப் போகிற அதிகாரிக்கு ஒரு மாதம் முன்பே போய் ஸ்லைடு தயாரிக்க உதவுங்கள், தனியாக விட்டுவிடாதீர்கள். சபையில் அவரை மாட்டிவிட்டால் அடுத்த தடவை லீவு போட்டுவிடுவார்.

மூன்று காலண்டர்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பாதிக் குழுக்கள் இதில்தான் சாகின்றன. மாநகராட்சியின் வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது, பட்ஜெட் மார்ச் வாக்கில் தாக்கலாகும். அதில் உங்கள் வேலைக்கு ஒரு வரி இருக்க வேண்டும் என்றால் டிசம்பருக்குள் மதிப்பீட்டோடு பைல் போயிருக்க வேண்டும். கல்லூரியின் வருடம் ஜூன், ஜூலையில் தொடங்குகிறது. இறுதியாண்டு மாணவர்களின் முழுநேர புராஜெக்ட் ஜனவரியிலிருந்து ஏப்ரல், மே வரை, அப்புறம் அந்தப் பையன்களைப் பிடிக்க முடியாது. கம்பெனிக்காரருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு, மார்ச் மாதம் போன் செய்தால் எடுக்கவே மாட்டார்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஜூலையில் கேள்வியை முடிவு செய்யுங்கள். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை மூன்றாம் ஆண்டு மாணவர்களை வைத்து அளவெடுங்கள், பம்ப் உதாரணம் என்றால் மீட்டரும் ஃப்ளோமீட்டரும் கையில் கொடுத்து நிலையம் நிலையமாக அனுப்புங்கள். டிசம்பரில் அந்த எண்களோடு பட்ஜெட்டுக்கு எழுதுங்கள். அதே மாணவர்கள் அடுத்த வருடம் இறுதியாண்டில் அதே வேலையைத் தொடரட்டும். ஒரே பேட்ச் இரண்டு வருடம் இருந்தால் பைலில் இல்லாத விஷயங்கள்கூடத் தலையில் இருக்கும். மழைக்காலத்தில் அக்டோபர், நவம்பரில் மாநகராட்சிப் பொறியாளர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் நிற்கிற மனுஷனிடம் புத்தாக்கம் பேசினால் அடி விழும்.

சின்ன இடத்தில், உண்மையான ரோட்டில்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஒரு வேலை செய்தது. வண்டிகளைப் பார்த்து அந்தந்த நொடியே நேரத்தை முடிவு செய்யும் சிக்னல்கள். ஊர் முழுக்கப் போடவில்லை. 2012-ல் ஈஸ்ட் லிபர்ட்டி என்ற ஒரே பகுதியில் ஒன்பது சந்திப்புகளில் போட்டார்கள். பயண நேரம் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று அளந்து காட்டினார்கள், அப்புறம்தான் அடுத்த இடங்களுக்குப் போனது. பேராசிரியர் ஒருவர் ஊருக்குத் தரக்கூடிய பெரிய விஷயம் இந்த அளந்து காட்டுவதுதான். போடுவதற்கு முன் எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாமல் எதையும் தொடங்க விடாதீர்கள். 'முன்' இல்லாத பைலட்டை, அதாவது சின்ன அளவிலான முன்னோட்டச் சோதனையை, நான் பைலட் என்றே சொல்ல மாட்டேன்.

தோற்றுப்போனாலும் பரவாயில்லை என்று மினிட்ஸில் எழுதியே வையுங்கள். பாஸ்டனில் மொபைல் போனின் குலுங்கலை வைத்து ரோட்டில் குழி கண்டுபிடிக்கும் ஒரு ஆப் வெளியிட்டார்கள், 'ஸ்ட்ரீட் பம்ப்' (Street Bump, தண்ணீர் பம்ப் இல்லை) என்று பெயர். குழியைவிட மேன்ஹோல் மூடிதான் அதிகமாக மாட்டியது. ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் ஓட்டும் தெருக்களைப் பற்றி மட்டுமே அது அதிகம் பேசும் என்ற சிக்கலும் வெளியே வந்தது. அந்தப் பாடம் மற்ற ஊர்களுக்கும் உதவியது, ஏனென்றால் அவர்கள் அதை மறைக்கவில்லை. நம் ஊரில் தணிக்கைக்குப் பயந்து எந்த அதிகாரியும் தோல்வி என்ற வார்த்தையை எழுத மாட்டார். அதனால் ஆரம்பத்திலேயே "இந்தத் தொகை சோதனைக்கானது, முடிவு எதுவானாலும் அறிக்கை வெளியிடப்படும்" என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி அவரைக் காப்பாற்றும்.

காசு, டெண்டர், சங்கடங்கள்

குழுவில் இருக்கிற பம்ப் கம்பெனிக்காரர் மாநகராட்சிக்குப் பம்ப் விற்கலாமா? இந்தக் கேள்வியை முதல் கூட்டத்திலேயே நேராகக் கேட்டுவிடுங்கள், வெட்கப்படாதீர்கள். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, எந்தக் கொள்முதலும் அதன்படிதான். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், உங்கள் குழுவுக்கென்று ஒரு விதி போடுங்கள்: எந்த வேலைக்கு ஆலோசனை சொன்னாரோ அந்த வேலையின் டெண்டரில் அவரோ அவர் நிறுவனமோ கலந்துகொள்ளக் கூடாது. எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஷாங்காய் மேயருக்கு உலகத்தின் பெரிய கம்பெனித் தலைவர்கள் கூடி ஆலோசனை சொல்லும் ஒரு குழு 1989 முதல் கூடுகிறது. அதன் முதல் தலைவர் ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்தின் தலைவர், அந்த நிறுவனத்துக்கு 1992-ல் ஷாங்காயில் காப்பீட்டு உரிமம் கிடைத்தது. அங்கே அது வெளிப்படையாக நடந்தது, முதலீடு வேண்டும் என்பதுதான் அந்த நகரத்தின் நோக்கமே. நம் ஊர் மாநகராட்சியில் அப்படி ஒன்று நடந்தால் மறுநாள் பேப்பரில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

டெண்டர் தெரிந்த ஆள் வேண்டும் என்று மேலே சொன்னது எதற்கு என்றால், கெடுதல் எல்லாம் ஸ்பெசிபிகேஷனில்தான், அதாவது வாங்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதும் விவரத்தில்தான் நடக்கும். யாரோ ஒரு கம்பெனி கேட்லாக்கிலிருந்து அளவுகளை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள், அந்த அளவில் பம்ப் செய்வது ஊரிலேயே ஒருவர்தான் என்று பட்டறைக்காரர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார், பேராசிரியருக்குத் தெரியாது. "இத்தனை லிட்டர், இத்தனை மீட்டர், திறன் இதற்குக் குறையக் கூடாது" என்று எழுதுங்கள். எப்படிச் செய்வது என்பதைச் செய்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

குழு நடத்தவும் கொஞ்சம் பணம் வேண்டும். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நொறுங்கிப்போயிருந்தது. பிலிப்ஸ் ஆட்களைக் குறைத்தது, 1993-ல் டாஃப் லாரிக் கம்பெனி திவாலானது. மேயரும், வர்த்தக சபைத் தலைவரும், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவரும் உட்கார்ந்து பேசினார்கள், சரி. அதோடு நிற்காமல் சுற்றியிருந்த 21 நகராட்சிகளும் சேர்ந்து ஒரு பொது நிதியில் பணம் போட்டன. நகராட்சிகளும் கம்பெனிகளும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும், இன்று பிரெய்ன்போர்ட் என்று எல்லோரும் பேசும் ஏற்பாட்டின் வேர் அது. கோவையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு: 1956-ல் தொடங்கிய சிட்ரா, ஒன்றோடொன்று போட்டி போடும் மில்களே சேர்ந்து ஆதரிக்கும் ஆராய்ச்சி நிறுவனம். போட்டியாளர்கள் தங்கள் உற்பத்திக் கணக்கைக் கொடுக்க, அது ஒப்பிட்டுச் சொல்கிறது. பொது வேலைக்குச் சந்தா கட்டுவது இந்த ஊருக்குப் புதிது இல்லை. மாநகராட்சி ஒரு பங்கு, தொழில் சங்கங்கள் ஒரு பங்கு, கல்லூரிகள் இடமும் மாணவர்களின் நேரமும். முழுச் செலவையும் ஒரே கம்பெனி ஏற்றுக்கொள்கிறேன் என்று வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

தகவல் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. வரி, குடிநீர் இணைப்பு மாதிரியான பட்டியலில் மக்களின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பெயரை நீக்கி, தெரு அளவில் கூட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலான ஆய்வுக்கு அது போதும். மாணவரின் பென்டிரைவில் ஊர் முழுவதன் விவரமும் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

கூட்டம் எப்படி இருக்க வேண்டும்

ஒன்றரை மணி நேரம். ஸ்லைடு கிடையாது, இரண்டு பக்கக் குறிப்பு மூன்று நாள் முன்பே போய்விட வேண்டும். மாநகராட்சிக் கூட்ட அறையிலேயே நடத்துங்கள், மாதம் விட்டு மாதம் ஏதாவது ஒரு பம்ப் நிலையத்திலோ குப்பை கிடங்கிலோ நடத்துங்கள். அங்கே நின்றால் பேச்சு தானாகக் குறையும். மினிட்ஸில் யார் என்ன பேசினார் என்பது வேண்டாம்: வேலை, பெயர், தேதி, மூன்றே கட்டம் போட்ட அட்டவணை. அதை அன்று மாலையே அனுப்பி, மாநகராட்சி இணையதளத்திலும் போடச் சொல்லுங்கள். எப்படியும் தகவல் உரிமைச் சட்டத்தில் யாராவது கேட்பார்கள், நீங்களே போட்டுவிட்டால் வேலை மிச்சம்.

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015-ல் வந்தபோது ஒவ்வொரு ஊரிலும் கலெக்டர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர், தொழில்நுட்ப வல்லுநர்கள், வர்த்தக சபை, குடியிருப்போர் சங்கம் எல்லோரும் அடங்கிய ஆலோசனை மன்றம் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளிலேயே எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் கோவை உட்பட 11 ஊர்கள் அதில் இருந்தன. உங்கள் ஊர் அதில் ஒன்று என்றால், அந்த மன்றத்தின் பழைய மினிட்ஸ் எங்கே என்று தேடி எடுத்துப் படியுங்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, எது கிடப்பில் போனது என்று அதிலேயே தெரியும், பாதி வேலை குறையும்.

கடைசியாக, கமிஷனர் மாறும் நாளுக்கு இப்போதே தயாராக இருங்கள். புதியவர் பதவியேற்ற முதல் வாரம் போகாதீர்கள், சால்வையோடு நிற்பவர்களின் வரிசையில் உங்கள் முகம் மறந்துபோகும். இரண்டு வாரம் கழித்து, ஒரே பக்கத்தில் நடக்கிற மூன்று வேலைகளும் அவற்றின் எண்களும் எழுதிக்கொண்டு, அந்த உதவிப் பொறியாளரையும் நிலைக்குழுத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேசுவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அடுத்த கூட்டத்துக்கு அவர் டைரியில் ஒரு தேதி.